கார்பன் நானோகுழாயின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்துவது எப்படி? ஆய்வகத்துக்கான முழுமையான வழிகாட்டி

கார்பன் நானோகுழாய்த் தூளை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் அது நனையவே மறுக்கும். வேகமாகக் கலக்கினால் சற்று நேரம் நீர் கறுப்பாகத் தெரியும். கலக்குவதை நிறுத்திய சில நிமிடங்களில் தூள் கட்டிகளாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, குழாயின் சுவர் முழுக்க முழுக்க அறுங்கோண வலையில் கட்டுண்ட கார்பன் அணுக்களால் ஆனது. பற்றிக்கொள்ள அதில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ இல்லை. இரண்டாவது, குழாய்கள் ஒன்றோடொன்று நீளவாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. ஒற்றைச் சுவர்க் குழாய்கள் இரண்டு அருகருகே படுத்திருந்தால், ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 500 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு அவற்றைப் பிணைக்கும் ஆற்றல் இருக்கிறது. அறை வெப்பநிலையில் வெப்ப அசைவு தரும் ஆற்றல் 0.025 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. தானாகப் பிரியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எனவே, குழாயை எபாக்சியில் கலப்பதானாலும், உயிரி உணரியில் பொருத்துவதானாலும், அதன்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசுவதானாலும் முதல் வேலை மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. இந்த வேலைக்குச் செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் ஏற்றியதாக நம்பும் பொருள் குழாயோடு பிணைந்திருக்கிறதா, வெறுமனே ஒட்டிக் கிடக்கிறதா? கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: எதை இழக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

சுவரில் ஒரு தொகுதியைச் சகப்பிணைப்பால் (எலெக்ட்ரான்களைப் பகிரும் வேதிப்பிணைப்பால்) ஏற்றினால், அந்த இடத்துக் கார்பன் அணு தட்டையான பிணைப்பை விட்டு நான்கு பிணைப்புள்ள வடிவத்துக்கு மாறுகிறது. அங்கே, மின்சாரத்தைக் கடத்தும் பை எலெக்ட்ரான்களின் ஓட்டம் தடைபடுகிறது. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு இருப்பது ஒரே சுவர். அதைக் குத்திக் குதறினால் மின்கடத்தலும் ஒளிர்வும் போய்விடும். பல சுவர்க் குழாயில் வெளிச் சுவர் மட்டுமே பலியாகும், உள்ளே 0.34 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருக்கும் மற்றச் சுவர்கள் மின்சாரத்தையும் வலிமையையும் காத்துக்கொள்ளும்.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி எளியது. ஒற்றைச் சுவர்க் குழாயை மின்னணுக் கருவிக்கோ ஒளியியலுக்கோ பயன்படுத்தினால் சகப்பிணைப்பைத் தொடாதீர்கள். சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்), பைரீன் (தட்டையான வளைய மூலக்கூறு), டிஎன்ஏ போன்றவற்றால் சுற்றுங்கள். பல சுவர்க் குழாயைக் கூட்டுப்பொருளுக்கோ வினையூக்கித் தாங்கியாகவோ பயன்படுத்தினால் அமில வழி தாராளமாகப் பொருந்தும். இடைப்பட்ட தேவைக்கு இரட்டைச் சுவர்க் குழாய் நல்ல தேர்வு: வெளிச் சுவர் வேதியியலுக்கு, உள் சுவர் இயற்பியலுக்கு. விலைதான் கூடுதல்.

படி 2: தூள் காற்றில் பறக்கக் கூடாது

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற குறிப்பிட்ட வகைப் பல சுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாக இருக்கலாம் எனும் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பணிச்சூழல் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 2013-இல் பரிந்துரைத்த உச்ச வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியும் தூசு இந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும்.

காற்றோட்டம் மிகுந்த ஃபியூம் ஹுட்டில் உலர்தூளை எடை போடுவது சரியல்ல. காற்று இழுக்கும் இழுப்பில் தூள் பறக்கும். மூடிய எடைப்பெட்டியிலோ கையுறைப் பெட்டியிலோ எடை போட்டு, அங்கேயே கரைப்பானில் நனைத்து வெளியே கொண்டுவாருங்கள். சிந்தியதை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைப்பம் கூடவே கூடாது. தூளைக் கையாளும்போது பி100 தர வடிகட்டியுள்ள முகக்கவசம், இரட்டைக் கையுறை, நீண்ட கை மேலங்கி ஆகிய மூன்றும் வேண்டும்.

படி 3: உள்ளே இருக்கும் குப்பையை முதலில் நீக்குங்கள்

வணிகக் குழாய்களில் இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற வினையூக்கித் துகள்களும் உருவமற்ற கார்பனும் கலந்திருக்கும். காற்றில் வெப்ப எடையறி ஆய்வு செய்து, எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைப் பார்த்தால் உலோகத்தின் அளவு தெரிந்துவிடும். அந்தச் சாம்பல் உலோக ஆக்சைடு என்பதை மறக்காமல் கணக்கிடுங்கள்.

3 முதல் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் கலக்கிக் கழுவினால், வெளிப்பட்டிருக்கும் உலோகம் கரையும். இந்த அமிலம் ஆக்சிஜனேற்றம் செய்யாது, குழாய்க்குக் கேடில்லை. கார்பன் ஓட்டுக்குள் அடைபட்ட உலோகம் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு ஓட்டைத் திறக்க வேண்டும். அடுத்து வரும் நைட்ரிக் அமில வேலையில் அது ஓரளவு தானாகவே நடக்கும்.

படி 4: அமிலத்தால் கார்பாக்சில் தொகுதி ஏற்றுதல்

சுவரில் கார்பாக்சில் (–COOH) தொகுதியை ஏற்ற உலகெங்கும் பரவிய செய்முறை, அடர் கந்தக அமிலமும் அடர் நைட்ரிக் அமிலமும் 3:1 கன அளவில் கலந்த கலவை. இது 1998-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழு வெளியிட்ட ஆய்விலிருந்து புகழ் பெற்றது. அவர்கள் இந்தக் கலவையை மீயொலியோடு சேர்த்துக் கையாண்டது, நீண்ட குழாய்களைத் துண்டு துண்டாக வெட்டுவதற்காக. இன்று பலரும் அதே கலவையை அதே மீயொலியோடு மணிக்கணக்கில் ஓட்டிவிட்டு, குழாயின் நீளம் குறைந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். வெட்டுவதற்கான செய்முறை வெட்டத்தான் செய்யும். நீளம் முக்கியமானால், மீயொலியைத் தொடக்கத்தில் கட்டி உடைக்க மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நேரத்தைச் சாதாரணக் கலக்கலில் கழியுங்கள். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் கந்தக அமிலத்தைக் கைவிட்டு, 3 மோலார் நைட்ரிக் அமிலத்தில் மட்டும் ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவைத்தபடி கொதிக்கவைத்தல்) செய்யலாம்.

பல சுவர்க் குழாய்க்கு நான் பரிந்துரைக்கும் அளவு இது. அரை கிராம் தூய்மைப்படுத்திய குழாயை 250 மில்லி லிட்டர் வட்ட அடிக் குடுவையில் எடுத்துக்கொள்ளுங்கள். 25 மில்லி லிட்டர் நைட்ரிக் அமிலத்தைப் பனிக்கட்டிக் குளியலில் குளிர்வித்து, அதில் 75 மில்லி லிட்டர் கந்தக அமிலத்தை மெதுவாகச் சேருங்கள். கலவை குளிர்ந்தபின் குழாயின் மேல் ஊற்றி, குடுவைக்கு மேல் குளிர்விப்பானைப் பொருத்துங்கள். வாயை அடைக்கக் கூடாது. பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியேறியாக வேண்டும். எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள்தான். 15 நிமிடம் மீயொலிக் குளியல், பிறகு 50 டிகிரியில் மூன்று மணி நேரக் கலக்கல். மீயொலிக் குளியல் தானே சூடேறும் என்பதால் வெப்பமானி உள்ளே இருக்கட்டும்.

நேரம் முடிந்ததும், கலவையை ஒரு லிட்டர் பனிக்குளிர் நீரில் மெல்ல ஊற்றுங்கள். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. உடனே வடிகட்ட அவசரப்படாதீர்கள். அமில நீரில் குழாய்கள் திரண்டு படியும். ஓர் இரவு விட்டால் மேலே தெளிந்த அமிலத்தைச் சரித்து ஊற்றிவிடலாம். வடிகட்டும் நேரம் பாதியாகக் குறையும். பிறகு 0.2 மைக்ரான் துளையுள்ள, நீர் ஏற்கும் வகை டெஃப்லான் சவ்வில் வெற்றிட வடிகட்டல்.

நைட்ரிக் அமிலம் மிஞ்சியிருக்கும் எதையும் அசிட்டோனோ எத்தனாலோ கொண்டு கழுவாதீர்கள். கழிவுப் புட்டியிலும் இரண்டையும் சேர்க்காதீர்கள். ஆய்வகக் கழிவுப் புட்டிகள் வெடிப்பதற்கு இந்தச் சேர்க்கை ஒரு பழைய காரணம்.

கழுவும்போது 'பிஎச் 7 வரும்வரை' என்று செய்முறைகள் சொல்லும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால், அயனி நீக்கிய நீரின் பிஎச் பெரும்பாலும் 5.5-க்கும் 6-க்கும் இடையில் இருக்கும். வடிநீரின் பிஎச், நீங்கள் ஊற்றும் நீரின் பிஎச்சோடு ஒத்துப்போனால் போதும். கடைசிக் கட்டத்தில் வடிகட்டல் சட்டென்று மந்தமாகும். அமிலம் குறையக் குறையக் கார்பாக்சில் தொகுதிகள் மின்னேற்றம் பெற்று, குழாய்கள் ஒன்றையொன்று விலக்கி, சவ்வின் துளைகளை நிறைப்பதே காரணம். நல்ல அறிகுறிதான், பொறுமை வேண்டும்.

படி 5: காரக் கழுவல் என்னும் விடுபட்ட படி

பெரும்பாலான செய்முறைகள் மேற்சொன்னதோடு முடிந்துவிடும். ஆனால் அமிலம் குழாயை மட்டும் தாக்குவதில்லை. உருவமற்ற கார்பனையும் குறைபாடுள்ள சுவர்த் துணுக்குகளையும் அரித்து, ஓரமெங்கும் கார்பாக்சில் நிறைந்த சிறு தட்டுகளாக்குகிறது. இந்தத் தட்டுகள் பை அடுக்கால் (தட்டையான கார்பன் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவதால்) குழாயின் சுவரில் படிந்து, ஒரு பூச்சு போல் மூடிக்கொள்கின்றன. இவற்றுக்கு ஆக்சிஜனேற்றச் சிதைபொருள் என்று பெயர். 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் இருந்த குழுக்கள் இதைத் தெளிவாகக் காட்டின: அமிலம் கண்ட குழாயை நீர்த்த காரத்தால் கழுவினால், இந்தப் படிவு கரைந்து வெளியேறுகிறது.

அப்படியானால், அகச்சிவப்பு நிறமாலையில் நீங்கள் கண்டு மகிழ்ந்த கார்பாக்சில் உச்சியில் கணிசமான பகுதி குழாயினுடையதே அல்ல. அடுத்து அமீனைப் பிணைத்தால் அது சிதைபொருளோடு பிணையும். கரைப்பான் மாறியதும் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். உயிரியல் ஆய்விலும் எபாக்சியிலும் ஒரே செய்முறை ஒருவருக்கு வேலை செய்து மற்றவருக்குச் செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

செய்வது கடினமல்ல. வடிகட்டிய ஈரக் குழாயை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். முதல் வடிநீர் தேயிலை நிறத்தில் வரும். நிறம் முற்றிலும் நீங்கும்வரை புதிய காரத்தால் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பிறகு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் சோடியம் உப்பாக நிற்கும் கார்பாக்சில் மீண்டும் அமில வடிவம் பெறும். இறுதியில் நீர். காரம் கண்டபின் குழாய் நீரில் முன்னளவு எளிதாகப் பரவாமல் போகலாம். அதுவரை அதைப் பரவச் செய்தது சிதைபொருள்தான் என்று அதற்குப் பொருள். குழாயின் மீதே போதிய தொகுதிகள் இல்லையென்றால், அமில நேரத்தைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். காரக் கழுவலைத் தவிர்த்துத் தப்பிக்க வேண்டாம்.

எத்தனை தொகுதிகள் ஏறின என்பதைப் போம் தரம்பார்த்தலால் அறியலாம். சோடியம் பைகார்பனேட் கார்பாக்சிலை மட்டும் நடுநிலையாக்கும். சோடியம் கார்பனேட் லாக்டோனையும் சேர்த்து. சோடியம் ஹைட்ராக்சைடு ஃபீனாலையும் சேர்த்து. மூன்றின் வேறுபாட்டில் ஒவ்வொன்றின் அளவும் கிடைக்கும். சிதைபொருள் இருக்கும் மாதிரியில் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும் என்பதால் காரக் கழுவலுக்குப் பிறகே செய்ய வேண்டும்.

படி 6: அமைடு பிணைப்பு

கார்பாக்சிலோடு அமீனை (நைட்ரஜன் தொகுதியுள்ள மூலக்கூறு) இணைத்து அமைடு பிணைப்பை உண்டாக்க இரண்டு வழிகள். கரிமக் கரைப்பானில் வேலை என்றால் தயோனைல் குளோரைடு: 70 டிகிரி அளவில் ஒரு நாள் சூடேற்றினால் அமில குளோரைடு கிடைக்கும், பிறகு அமீன். ராபர்ட் ஹேடனின் குழு 1998-இல் ஆக்டாடெசில் அமீனை இப்படிப் பிணைத்துத்தான் ஒற்றைச் சுவர்க் குழாயைக் கரிமக் கரைப்பானில் கரைத்துக் காட்டியது. இந்த வினையில் ஹைட்ரஜன் குளோரைடும் கந்தக டை ஆக்சைடும் வெளியேறும். வாயுவைக் காரக் கரைசல் வழியே விட வேண்டும். துளி ஈரமும் ஆகாது.

நீரில் வேலை என்றால் இடிசி (ஒரு கார்போடைஇமைடு), என்எச்எஸ் (என்-ஹைட்ராக்சி சக்சினிமைடு) என்னும் செயலூட்டி இணை. எடுத்துக்காட்டாக, தரம்பார்த்தலில் கிராமுக்கு 0.5 மில்லிமோல் கார்பாக்சில் வந்தது என்று கொள்வோம். 50 மில்லிகிராம் குழாயில் 0.025 மில்லிமோல் இருக்கும். பத்து மடங்கு மிகையாக 0.25 மில்லிமோல் எடுத்தால், இடிசி ஹைட்ரோகுளோரைடு 48 மில்லிகிராம், என்எச்எஸ் 29 மில்லிகிராம். பிஎச் 5.5 முதல் 6 வரையுள்ள எம்இஎஸ் தாங்கல் கரைசலில் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) 30 நிமிடம் செயலூட்டி, குளிர்ந்த தாங்கல் கரைசலால் விரைந்து கழுவி, பிஎச் 7.4 முதல் 8 வரையுள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலில் அமீனோடு இரவு முழுவதும் விடுங்கள். செயலூட்டிய எஸ்டர் நீரால் சிதையும். பிஎச் ஏற ஏற வேகமாகச் சிதையும். இடையில் தேநீர் குடிக்கப் போக நேரமில்லை. ட்ரிஸ், கிளைசின், அசிட்டேட் தாங்கல் கரைசல்கள் இங்கே கூடாது: முதல் இரண்டில் அமீன் இருக்கிறது, மூன்றாவதில் கார்பாக்சில் இருக்கிறது. அவையே வினையில் புகுந்துவிடும்.

எத்திலீன் டை அமீன் போன்ற இருமுனை அமீனை ஏற்றினால், ஒரே மூலக்கூறு இரண்டு குழாய்களை இணைத்துக் கட்டியாக்கிவிடும். அமீனை மிக அதிகமாக எடுத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

இப்போது அந்தப் பழைய கேள்வி. நேர்மின் அமீனும் எதிர்மின் கார்பாக்சிலும் பிணைப்பின்றியே ஒட்டிக்கொள்ளும். ஆகவே இடிசி மட்டும் இல்லாத, மற்ற எல்லாம் அதேபோல் செய்த ஒரு மாதிரியைக் கூடவே தயாரியுங்கள். இரண்டையும் 1 மோலார் உப்புக் கரைசலால் நன்றாகக் கழுவி, நைட்ரஜன் அளவை ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால்தான் அமைடு என்று எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு.

அமில வழியைத் தாண்டியும் சகப்பிணைப்பு வழிகள் இருக்கின்றன. டயசோனியம் வினையை 2001-இல் ஜேம்ஸ் டூரின் குழு அறிமுகம் செய்தது; குழாயை வெட்டாமல் அரைல் தொகுதிகளைச் சுவரிலேயே ஏற்றலாம். உலர்ந்த டயசோனியம் உப்புகள் வெடிக்கக் கூடியவை என்பதால், அனிலினையும் ஐசோஅமைல் நைட்ரைட்டையும் கொண்டு வினைக்கலத்திலேயே உண்டாக்குவது நல்லது. மவுரிட்சியோ பிராட்டோவின் பெயரால் வழங்கும் வளையச் சேர்ப்பு வினை இன்னொன்று. நேரம் எடுக்கும், ஆனால் பலவகைத் தொகுதிகளை ஏற்ற இடம் தருகிறது.

படி 7: பிணைக்காமல் சுற்றுதல்

சர்ஃபாக்டன்ட்டுகளில் சோடியம் டோடெசில் பென்சீன் சல்ஃபோனேட், சோடியம் கோலேட், சோடியம் டிஆக்சிகோலேட் ஆகியவை நம்பகமானவை. 1 சதவீதக் கரைசலில் முனை வகைச் சோனிகேட்டரை (மீயொலி தரும் கருவி), பனிக்கட்டிக் குளியலில், விட்டுவிட்டு இயக்கி 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. பிறகு சென்ட்ரிஃபியூஜ். தனித்தனி ஒற்றைச் சுவர்க் குழாய் வேண்டுமானால் புவியீர்ப்பைப் போல் லட்சம் மடங்குக்கும் மேலான விசையில் சில மணி நேரம் சுழற்ற வேண்டும். கட்டிகளை மட்டும் நீக்க, சில ஆயிரம் மடங்கே போதும். டைட்டானிய முனை தேய்ந்து அதன் துகள்கள் கரைசலில் கலக்கும். இந்தச் சுழற்சி அவற்றையும் நீக்கிவிடும்.

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் குழாயின் மேல் ஏறியும் இறங்கியும் ஒரு சமநிலையில்தான் இருக்கின்றன. டயாலிசிஸ் செய்து கரைசலிலுள்ள சர்ஃபாக்டன்ட்டை நீக்கினால், குழாயின் மேலிருப்பதும் இறங்கிவிடும். குழாய்கள் மீண்டும் கட்டாகும். நிலையாகச் சுற்ற வேண்டுமானால் டிஎன்ஏ, பாலிவினைல் பைரோலிடோன், பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைந்த பாஸ்போலிப்பிட் போன்ற நீண்டவற்றை நாடுங்கள். புரதத்தைக் குழாயில் பொருத்த, ஹாங்ஜியே டாயின் குழு 2001-இல் காட்டிய பைரீன் வழி இன்றும் சிறந்தது: பைரீன் வளையம் சுவரில் படியும், மறுமுனையிலுள்ள சக்சினிமைடில் எஸ்டர் புரதத்தின் அமீனைப் பிடிக்கும், குழாயின் மின்பண்பு கெடாது.

படி 8: பூச்சு

மண்பாண்ட ஓட்டின் கறுப்புப் பூச்சிலேயே நானோகுழாய் கிடைத்த செய்தி நமக்கு நெருக்கமானது. கீழடியில் கிடைத்த, பொது ஆண்டுக்கு முந்தைய ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடுகளில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டதாக, வேலூர் விஐடி ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 2020-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியது. அங்கே பூச்சுக்குள் குழாய். இங்கே நாம் பேசுவது குழாயின் மேல் பூச்சு.

எந்தப் பூச்சிலும் தலையான சிக்கல் ஒன்றே. பூச்சுப்பொருள் குழாயின் மேல் வளராமல், கரைசலில் தனியாக உருண்டைகளாக விளைந்துவிடும். சிலிக்காவில் இது கண்கூடு. சிலிக்காவாக மாறும் டெட்ராஎத்தில் ஆர்தோசிலிகேட்டை (இனி, சிலிகேட்) எவ்வளவு ஊற்றுவது என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 50 மில்லிகிராம் குழாய், கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்பு என்றால், மொத்தம் 10 சதுர மீட்டர். 0.2 மில்லி லிட்டர் சிலிகேட் முழுதாக மாறினால் ஏறத்தாழ 54 மில்லிகிராம் சிலிக்கா தரும். அதன் கன அளவு 0.027 கன சென்டிமீட்டர். பத்துச் சதுர மீட்டரில் பரப்பினால் 2 முதல் 3 நானோமீட்டர் தடிமன். 10 நானோமீட்டர் பூச்சு வேண்டுமென்று நினைத்தால், சிலிகேட்டைப் பல மடங்கு கூட்ட வேண்டும். ஒரேயடியாகக் கூட்டினால் உருண்டைகள்தான் மிஞ்சும்; மேற்சொன்ன அளவைத் தவணைகளாகச் சேர்த்தால் பூச்சு அடுக்கடுக்காக வளரும்.

செயல்முறை: காரக் கழுவல் முடித்த 50 மில்லிகிராம் கார்பாக்சில் குழாயை 80 மில்லி லிட்டர் எத்தனாலும் 20 மில்லி லிட்டர் நீரும் கலந்ததில் மீயொலியால் பரப்புங்கள். ஒரு மில்லி லிட்டர் அடர் அம்மோனியாக் கரைசல் சேருங்கள். 0.2 மில்லி லிட்டர் சிலிகேட்டை 10 மில்லி லிட்டர் எத்தனாலில் கலந்து, ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலும் எட்டு மணி நேரம் கலக்குங்கள். பூச்சு திட்டுத் திட்டாக வந்தால், முதலில் அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேனை ஓர் அடித்தளமாக ஏற்றுங்கள். தனி உருண்டைகள் தோன்றினால் அம்மோனியாவைக் குறையுங்கள்.

டைட்டானியாவுக்கு (டைட்டானியம் டை ஆக்சைடு) அமிலமே தேவையில்லாத அழகான வழி உண்டு: பென்சைல் ஆல்கஹால். அதன் பென்சீன் வளையம் சுவரில் படிய, ஹைட்ராக்சில் வெளியே நீட்டிக்கொண்டு டைட்டானியம் சேர்மத்தைப் பிடிக்கிறது. டொமினிக் எடரும் ஆலன் விண்டிலும் 2008-இல் இதை வெளியிட்டார்கள். பூச்சைப் படிகமாக்கச் சூடேற்றும்போது ஆர்கானில் சூடேற்றுங்கள். உலோக ஆக்சைடு படிந்த குழாய் காற்றில், வெறும் குழாயைவிடக் குறைந்த வெப்பத்திலேயே எரியத் தொடங்கும்.

எதுவும் ஒட்டாத குழாயிலும் ஒட்டும் பூச்சு பாலிடோபமைன். 10 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 8.5, மில்லி லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் டோபமைன் ஹைட்ரோகுளோரைடு, காற்றுப்பட மென்மையான கலக்கல். அதிகபட்சம் ஒரு நாள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் கழுவித் தனித் துகள்களை நீக்குங்கள். இதன் மேல் அமீன், தயால், வெள்ளி என எதையும் ஏற்றலாம்.

உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தால் எல்லா உலோகமும் ஒருபோல் நடக்காது. டைட்டானியம், நிக்கல், பல்லேடியம் ஆகியவை தொடர்ந்த படலமாக மூடும். தங்கம், அலுமினியம், இரும்பு ஆகியவை தனித் துளிகளாகத் திரளும். தங்கம் சீராக வேண்டுமானால், முதலில் மெல்லிய டைட்டானியப் படலம் பூசுங்கள். அணு அடுக்குப் படிவு முறையிலும் இதே கதைதான்: தூய சுவரில் அலுமினா பிடிக்காது, குறைபாடுள்ள இடங்களில் மட்டும் மணிமணியாக முளைக்கும்.

படி 9: நிரூபணம்

ராமன் நிறமாலையில் 1350 செ.மீ⁻¹ அளவில் குறைபாட்டைக் காட்டும் டி உச்சிக்கும் 1580 செ.மீ⁻¹ அளவில் சீரான வலையைக் காட்டும் ஜி உச்சிக்கும் உள்ள விகிதம், சகப்பிணைப்பு ஏறினால் உயரும். ஒரே லேசர் அலைநீளத்தில், ஒவ்வொரு மாதிரியிலும் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பல சுவர்க் குழாயில் இந்த விகிதம் தொடக்கத்திலேயே அதிகம் என்பதால் மாற்றம் சிறிதாகவே தெரியும். அமிலம் உருவமற்ற கார்பனை எரித்தால் விகிதம் குறையவும் செய்யும். சுற்றும் முறையில் விகிதம் மாறக் கூடாது. மாறினால் சோனிகேட்டர் குழாயை உடைத்திருக்கிறது.

அகச்சிவப்பு நிறமாலையில் 1710 முதல் 1735 செ.மீ⁻¹ வரை கார்பாக்சில், 1650 அளவில் அமைடு. 1630-இல் நீரும் ஓர் உச்சி தரும். நன்கு உலர்த்தாத மாதிரியில் அமைடு கண்டதாக ஏமாற வேண்டாம். எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலையே இங்கு வலுவான சாட்சி: 284.5 எலெக்ட்ரான் வோல்ட்டில் குழாயின் கார்பன், 289 அருகில் கார்பாக்சில், 291 அருகில் பை எலெக்ட்ரான்களின் துணை உச்சி.

வெப்ப எடையறி ஆய்வை நைட்ரஜனில் செய்து, பக்குவப்படுத்தாத குழாயின் இழப்பைக் கழித்தால், தொகுதிகளின் எடை வரும். இந்த எண்ணை அப்படியே நம்பாமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத இழப்பு கார்பாக்சிலால் என்று கொண்டால், 71 கார்பன் அணுக்களுக்கு ஒரு தொகுதி. கேட்க மிதமாக இருக்கிறது. ஆனால் 15 நானோமீட்டர் விட்டமும் பத்துச் சுவரும் உள்ள குழாயில், வெளிச் சுவரிலிருக்கும் அணுக்கள் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதாவது வெளிச் சுவரில் ஒன்பது அணுக்களுக்கு ஒரு தொகுதி. அந்த நெருக்கத்தில் அறுங்கோண வலையே நிற்காது. அத்தகைய எண் வந்தால், சுவர் சிதைந்திருக்கிறது, அல்லது சிதைபொருளோ ஈரமோ மிஞ்சியிருக்கிறது. படி 5-க்குத் திரும்புங்கள்.

பூச்சுக்கு மின்னணு நுண்ணோக்கிப் படம் கட்டாயம். அழகாக வந்த ஒற்றைக் குழாயின் படத்தோடு, குறைந்த பெருக்கத்தில் எடுத்த படமும் வேண்டும். தனி உருண்டைகள் எத்தனை என்று அதில்தான் தெரியும்.

படி 10: சேமிப்பு

அடுத்த வேலை நீரிலோ ஆல்கஹாலிலோ என்றால் குழாயை உலர்த்தவே வேண்டாம். உலர்ந்த கார்பாக்சில் குழாய்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக் கட்டியாகும். மறுபடி பிரிக்கச் சோனிகேட்டர் தேவைப்படும், நீளம் குறையும். ஈரப் பசையாகவே மூடிவைத்து, அதில் சிறு பகுதியை மட்டும் எடை போட்டு உலர்த்தித் திடப்பொருளின் சதவீதத்தைக் கண்டுகொள்ளுங்கள். கட்டாயம் உலர்த்த வேண்டுமென்றால் உறையவைத்து உலர்த்துங்கள். தூள் பஞ்சுபோல் வரும், பறக்கவும் செய்யும், ஆகவே படி 2-இன் முன்னெச்சரிக்கைகள் அப்படியே பொருந்தும். புட்டியின் மேல் குழாயின் தொகுப்பு எண், அமில நேரம், வெப்பநிலை, காரக் கழுவல் எத்தனை முறை, திடப்பொருள் சதவீதம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அடுத்த தொகுப்பு வேறு விதமாக நடந்துகொண்டால், காரணத்தைத் தேட வேண்டிய இடம் அந்தச் சீட்டுதான்.